கல்வராயன் மலையில் இருந்தே சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை! ரிமோட் டெஸ்க்டாப் செட் பண்ணுவது எப்படி? எதில் உஷாரா இருக்கணும்?

வெள்ளிமலையில் வீடு. வேலை தரும் நிறுவனம் சென்னையில். நடுவில் மலைப்பாதை, பஸ், ரயில் என்று ஒரு நாள் பயணம். ஆனால் கையில் ஒரு லேப்டாப்பும் ஓரளவு நெட்டும் இருந்தால், சென்னை ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே இயக்கலாம். இதற்குத்தான் ரிமோட் டெஸ்க்டாப், விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற பெயர்களில் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன.

2020 ஊரடங்கில் ஐடி ஊழியர்களுக்குப் பழக்கமான இந்த வசதி, இப்போது கணக்கு எழுதுபவர்கள், டேட்டா என்ட்ரி செய்பவர்கள், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் வரை வந்துவிட்டது. கூடவே ஒரு ஆபத்தும் வந்திருக்கிறது. இதே வகை ஆப்-ஐ உங்கள் போனில் போட வைத்து, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்களும் இருக்கின்றன.

எந்த சாஃப்ட்வேர் யாருக்கு? எப்படி செட் பண்ணுவது? சிக்னல் வீக்காக இருந்தால் என்ன செய்வது? மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

கள்ளக்குறிச்சிக்கு இது ஏன் முக்கியம்?

விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. அரிசி ஆலைகள், சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில் என்று இங்கே தொழில் இருக்கிறது. ஆனால் டிகிரி முடித்தவர்களுக்கு ஆபீஸ் வேலை என்றால், பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ மூட்டை கட்ட வேண்டிய நிலைதான்.

மலையில் நிலைமை இன்னும் கஷ்டம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களில் பலர் கூலி வேலைக்காக வெளி மாநிலங்களுக்குப் போய் வருகிறார்கள். 2024-ல் இந்த மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது.

நெட் வசதியைப் பொறுத்தவரை இரண்டு திட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபர் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டம். இதை இங்கே செயல்படுத்துவது டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம். இன்னொன்று, சிக்னலே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎஸ்என்எல் திட்டம். நாடு முழுக்க 24,680 கிராமங்கள், ரூ.26,316 கோடி. உங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வந்திருந்தால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ரிமோட் டெஸ்க்டாப், விர்ச்சுவல் டெஸ்க்டாப்: என்ன வித்தியாசம்?

ரிமோட் டெஸ்க்டாப் என்றால், வேறு எங்கோ மேஜை மேல் நிஜமாக இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை தூரத்தில் இருந்து இயக்குவது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர். அதில் டேலி ஓடுகிறது. அதை சேராப்பட்டில் உங்கள் வீட்டு லேப்டாப்பில் இருந்து திறக்கிறீர்கள். இதுதான் ரிமோட் டெஸ்க்டாப்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அப்படி ஒரு தனிப்பெட்டி இருக்காது. டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு பெரிய சர்வரைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு கம்ப்யூட்டர் போலக் கொடுப்பார்கள். மைக்ரோசாஃப்டின் அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், விண்டோஸ் 365, சிட்ரிக்ஸ், முன்பு விஎம்வேர் ஹொரைசன் என்று இருந்து இப்போது ஆம்னிஸா ஹொரைசன் என்று பெயர் மாறியது எல்லாம் இந்த வகை.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். வேலை முழுக்க அந்தப் பக்கம் நடக்கும். உங்கள் திரைக்கு வருவது அதன் படம் மட்டும். உங்கள் கீபோர்டு, மவுஸ் அசைவுகள் அந்தப் பக்கம் போகும். அதனால் உங்கள் லேப்டாப் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்கூட பல நேரம் போதும். நெட் மட்டும் நிலையாக இருக்கணும்.

உங்களுக்கு எது தேவை?

* நிறுவனமே லாகின் கொடுத்திருக்கிறது என்றால்: அவர்கள் சொல்லும் சாஃப்ட்வேரை மட்டும் போடுங்கள். நீங்களாக வேறு எதையும் தேர்வு செய்ய வேண்டாம்.
* உங்கள் சொந்த ஆபீஸ் அல்லது கடை கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் புரோ இருக்கிறது என்றால்: விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் போதும். தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.
* சொந்த கம்ப்யூட்டர்தான், ஆனால் விண்டோஸ் ஹோம் இருக்கிறது என்றால்: குரோம் ரிமோட் டெஸ்க்டாப் சுலபம். இதுவும் இலவசம்.

புரோவா, ஹோமா என்று எப்படிப் பார்ப்பது? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 'எடிஷன்' என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸ் ஹோம் கம்ப்யூட்டரில் இருந்து வேறு கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஆனால் ஹோம் கம்ப்யூட்டரை வெளியில் இருந்து இந்த முறையில் திறக்க முடியாது. பலரும் அரை நாள் மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான்.

முதலில் நெட்: எவ்வளவு வேகம் வேணும்? டேட்டா எவ்வளவு போகும்?

சாதாரண டேட்டா என்ட்ரி போன்ற லேசான வேலைக்கு 1.5 எம்பிபிஎஸ், ஆபீஸ் வேலைகளுக்கு 3 எம்பிபிஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் பரிந்துரை. வேகத்தைவிட முக்கியமானது தாமதம். அதாவது நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டியதும் அது அங்கே போய்த் திரும்ப வரும் நேரம். ஸ்பீடு டெஸ்ட் செய்யும்போது 'பிங்' என்று ஒரு எண் காட்டுமே, அதுதான். அது 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் வேலை செய்யலாம். அதற்கு மேலே போனால், தட்டிய எழுத்து தாமதமாக விழும். வேகம் 20 எம்பிபிஎஸ் காட்டினாலும் பிங் 300 என்றால் வேலை இழுக்கும்.

டேட்டா கணக்கும் போட்டுப் பாருங்கள். 1.5 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் சுமார் 675 எம்பி. 8 மணி நேர வேலை என்றால் 5.4 ஜிபி. தினமும் 2 ஜிபி தரும் பேக் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிஜத்தில் இவ்வளவு போகாது. திரையில் மாறும் பகுதியை மட்டுமே சாஃப்ட்வேர் அனுப்பும் என்பதால், எக்ஸெல் திறந்து வைத்து டைப் பண்ணும்போது செலவு ரொம்பக் குறைவு. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வீடியோ ஓட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் வேலைக்குச் சேரும் முன் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, போனில் டேட்டா யூசேஜ் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

நிறுவனம் கொடுத்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை செட் பண்ணுவது எப்படி?

1. நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: சாஃப்ட்வேரின் பெயர், சர்வர் முகவரி, உங்கள் யூசர் ஐடி.
2. சாஃப்ட்வேரை அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்தில் இருந்தோ, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், ப்ளே ஸ்டோரில் இருந்தோ மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபைலை இன்ஸ்டால் பண்ணவே கூடாது.
3. ஹொரைசன் என்றால் 'ஆட் சர்வர்' அழுத்தி முகவரியைக் கொடுக்க வேண்டும். சிட்ரிக்ஸ் ஒர்க்ஸ்பேஸ் என்றால் சர்வர் முகவரி அல்லது ஆபீஸ் இமெயில் கேட்கும். அஸூர், விண்டோஸ் 365 என்றால் 'விண்டோஸ் ஆப்' என்ற ஆப்-ல் ஆபீஸ் இமெயிலைக் கொடுத்து உள்ளே போனால், உங்களுக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் தானாகத் தெரியும்.
4. பாஸ்வேர்டு கொடுத்ததும் இரண்டாவது சரிபார்ப்பு கேட்கும். அதை முடித்தால் டெஸ்க்டாப் திறக்கும்.

ஒரு குறிப்பு: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்த பழைய 'ரிமோட் டெஸ்க்டாப்' ஆப்-க்கு 2025 மே 27-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பதில் வந்ததுதான் 'விண்டோஸ் ஆப்'. பழைய வீடியோக்களைப் பார்த்து பழைய ஆப்-ஐத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' வேறு. அது இன்னும் இருக்கிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது சரிபார்ப்புதான் தலைவலி. எஸ்எம்எஸ்-ல் ஓடிபி வர வேண்டும் என்றால் சிக்னல் வேணும். இதற்கு வழி இருக்கிறது. ஆதென்டிகேட்டர் ஆப்-ல் 30 செகண்டுக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை போனே தானாக உருவாக்கும். அதற்கு சிக்னலும் தேவையில்லை, நெட்டும் தேவையில்லை. ஐடி பிரிவிடம் 'எஸ்எம்எஸ்-க்குப் பதில் ஆதென்டிகேட்டர் கோடு வையுங்க' என்று கேளுங்கள். போனில் தேதி, நேரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கட்டும். கடிகாரம் தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாகிவிடும்.

சொந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை:

1. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் 'ஆன்' செய்யுங்கள்.
2. 'நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்த பிறகுதான் ரிமோட் திரையே திறக்கும்.
3. அங்கே காட்டும் கம்ப்யூட்டர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. விண்டோஸ் அக்கவுண்டுக்கு வலுவான பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டில் வெளியில் இருந்து நுழைய முடியாது. நான்கு இலக்க பின் நம்பரும் இங்கே செல்லாது. முழு பாஸ்வேர்டு வேண்டும்.
5. பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் வெளியில் இருந்து இணைக்க முடியாது.

வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்-எஸ்-டி-எஸ்-சி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் திறக்கும். கம்ப்யூட்டர் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது.

ஒரே வைஃபையில் இருந்தால் இது உடனே வேலை செய்யும். ஆனால் நீங்கள் இருப்பது மலையில், ஆபீஸ் இருப்பது கீழே. அப்போ என்ன பண்றது?

நம் மொபைல் நெட்டிலும் பல வீட்டு பிராட்பேண்டிலும், ஒரே வெளி ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். அதனால் வெளியில் இருந்து நேராக உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க முடியாது. சிலர் தனி ஐபி முகவரி வாங்கி, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலகம் முழுக்க ஹேக்கர்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் ஒன்று அது. 2019 மே மாதத்தில் இந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் 'ப்ளூகீப்' என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக அப்டேட் வெளியிட்டது. அவ்வளவு ஆபத்தான விஷயம்.

சரியான வழி விபிஎன். டெயில்ஸ்கேல் போன்ற சேவையை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு, ஒரே அக்கவுண்டில் லாகின் செய்தால், இரண்டும் ஒரே ஆபீஸ் நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் அந்த முகவரியைக் கொடுங்கள். போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. வெளியில் இருந்து திறக்கும் கம்ப்யூட்டரில் இவை இருந்தால், முதல் செலவு அதை மாற்றுவதாக இருக்கட்டும்.

சுலபமான வழி: குரோம் ரிமோட் டெஸ்க்டாப்

1. ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்து, கூகுள் அக்கவுண்டில் லாகின் செய்யுங்கள்.
2. ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் என்ற தளத்துக்குப் போய், 'செட் அப் ரிமோட் ஆக்சஸ்' பகுதியில் சாஃப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள்.
3. கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கொடுங்கள். குறைந்தது 6 இலக்க பின் நம்பர் வையுங்கள். பிறந்த தேதி, 123456 எல்லாம் வேண்டாம்.
4. வீட்டில் அதே கூகுள் அக்கவுண்டில் அதே தளத்தைத் திறந்தால் அந்தக் கம்ப்யூட்டர் தெரியும். கிளிக் செய்து பின் நம்பர் கொடுங்கள்.

இங்கே உங்கள் கூகுள் அக்கவுண்டுதான் சாவி. அதில் இரண்டு கட்ட சரிபார்ப்பை ஆன் செய்வது கட்டாயம்.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் உள்ளே போனதும் ஆபீஸில் இருக்கும் திரை லாக் ஆகிவிடும். அங்கே உட்கார்ந்து யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர் வெளியே தள்ளப்படுவார். குரோம் முறையில் நீங்கள் செய்வது அங்கே இருக்கும் திரையிலும் அப்படியே தெரியும். சம்பளப் பட்டியல் போன்றவற்றைத் திறக்கும்போது இதை மறக்காதீங்க.

சிக்னல் வீக்கா? இந்த செட்டிங்கை மாத்துங்க!

மலையில் வேலை நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வதே இந்தப் பகுதிதான். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் சில பட்டைகள் வரும்.

* டிஸ்ப்ளே: கலர் என்ற இடத்தில் 32 பிட்டுக்குப் பதில் 16 பிட் வையுங்கள். திரை அளவையும் ஒரு படி குறையுங்கள். அனுப்ப வேண்டிய படம் சின்னதாகும்.
* லோக்கல் ரிசோர்சஸ்: சவுண்டு தேவையில்லை என்றால் 'டோன்ட் ப்ளே' வையுங்கள். பிரிண்டர், டிரைவ் ஆகியவற்றில் டிக் எடுத்துவிடுங்கள். காப்பி-பேஸ்டுக்கு கிளிப்போர்டு மட்டும் போதும்.
* எக்ஸ்பீரியன்ஸ்: வால்பேப்பர், எழுத்து மெருகு, விண்டோ அனிமேஷன் எல்லாவற்றிலும் டிக் எடுங்கள். 'பெர்சிஸ்டன்ட் பிட்மேப் கேச்சிங்' மட்டும் டிக் இருக்கட்டும். ஏற்கெனவே வந்த படத்தைத் திரும்பத் திரும்ப இறக்காமல் அது பார்த்துக்கொள்ளும். 'ரீகனெக்ட்' என்பதிலும் டிக் வையுங்கள். லைன் கட் ஆனால் அதுவே மறுபடி இணைக்கும்.
* கடைசியாக ஜெனரல் பட்டையில் 'சேவ்' செய்துவிடுங்கள். தினமும் மாற்ற வேண்டியதில்லை.

வீட்டுப் பக்கத்தில் செய்யக்கூடியவை:

* போனை ஹாட்ஸ்பாட் போடுவதைவிட யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து டெதரிங் செய்வது நிலையாக இருக்கும். போனும் சார்ஜ் ஆகும்.
* மலைச்சரிவில் வீட்டின் ஒரு பக்கம் இரண்டு கோடும் இன்னொரு பக்கம் நான்கு கோடும் காட்டும். டவர் இருக்கும் திசை ஜன்னலைக் கண்டுபிடித்து மேஜையை அங்கே போடுங்கள்.
* காலை, மதியம், மாலை என மூன்று நேரத்திலும் ஸ்பீடு டெஸ்ட் செய்து, எந்த கம்பெனி சிம்மில் பிங் குறைவு என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது சிம் வேறு கம்பெனியாக இருப்பது நல்லது.
* லேப்டாப்பில் வைஃபை அல்லது நெட்வொர்க் செட்டிங்கில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் பின்னணியில் டேட்டாவை முழுங்காது.
* வீடியோ மீட்டிங் இருந்தால் ரிமோட் கம்ப்யூட்டருக்குள் திறக்காதீர்கள். உங்கள் போனிலேயே திறந்து, கேமராவை ஆஃப் செய்துவிடுங்கள்.

பாதியில் கட் ஆனால் வேலை போயிடுமா?

போகாது. பலருக்கும் இருக்கும் பயம் இது. நீங்கள் டைப் செய்துகொண்டிருந்த ஃபைல் அந்தப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் திறந்திருக்கிறது. உங்கள் நெட் போனால், பார்க்கும் ஜன்னல் மட்டுமே மூடும். திரும்ப லாகின் செய்தால் விட்ட இடத்தில் இருந்தே தொடரலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 'டிஸ்கனெக்ட்' வேறு, 'சைன் அவுட்' வேறு. டிஸ்கனெக்ட் செய்தால் எல்லாம் அப்படியே திறந்திருக்கும். சைன் அவுட் செய்தால் எல்லாம் மூடிவிடும். இன்னொன்று, பல நிறுவனங்கள் 'இத்தனை நிமிடம் வேலை இல்லாமல் இருந்தால் தானாக மூடிவிடு' என்று நேரம் வைத்திருக்கும். மழை நேரத்தில் அரை நாள் சிக்னல் போகும் ஊரில் இருந்துகொண்டு, அந்த நேரம் எவ்வளவு என்று தெரியாமல் வேலை செய்யாதீர்கள். முதல் நாளே கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யும் பழக்கம் எப்போதும் நல்லது.

சொந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் அங்கே கரன்ட் போனால் அது அணைந்துவிடும். ஒரு யுபிஎஸ் வேண்டும். ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் போட மறக்காதீர்கள். பயாஸ் செட்டிங்கில் 'கரன்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு' என்ற வசதி பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருவார்.

தமிழில் டைப் செய்யும்போது கட்டம் கட்டமாக வருதா?

எழுத்துரு இருக்க வேண்டியது அந்தப் பக்கத்தில். உங்கள் லேப்டாப்பில் வானவில், பாமினி எல்லாம் இருந்தும் பயன் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் எழுத்து குழம்பித்தான் தெரியும். கீபோர்டும் அப்படித்தான். தமிழ்99 அல்லது நீங்கள் பயன்படுத்தும் கீபோர்டை ரிமோட் கம்ப்யூட்டரில் சேர்த்து, உங்கள் லேப்டாப்பில் ஆங்கிலத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் தமிழ் ஆனில் இருந்தால் எழுத்து இரண்டு முறை மாறி வரலாம்.

உஷார்: இதே ஆப்தான் மோசடிக்கும் சாவி!

எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப் மூலம் நடக்கும் பண மோசடி பற்றி, 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. எனிடெஸ்க், டீம்வியூவர், குயிக்சப்போர்ட் எல்லாம் நியாயமான சாஃப்ட்வேர்கள்தான். தப்பு அதில் இல்லை. யார் கேட்டு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் வரும் ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் அவர்களுக்கும் தெரியும்.

வழக்கமாக வரும் கதைகள் இவை:

* 'இன்று இரவு உங்கள் வீட்டு கரன்ட் துண்டிக்கப்படும், கட்டணம் அப்டேட் ஆகவில்லை' என்று எஸ்எம்எஸ். கூப்பிட்டால், '10 ரூபாய் கட்டுங்க, இந்த ஆப்-ஐப் போடுங்க' என்பார்கள்.
* 'பேங்கில் இருந்து பேசுறோம், கேஒய்சி முடிக்கணும்.'
* 'உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு' என்று திரையில் ஒரு போன் நம்பர்.
* 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை. ட்ரெயினிங்குக்காக ஆப் போடுங்க, டெபாசிட் கட்டுங்க.'

கடைசிக் கதைதான் வேலை தேடும் இளைஞர்களைக் குறிவைப்பது. ஒரு விதியை மனசில் வையுங்கள். உண்மையான வேலையில் நீங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் போவீர்கள். மோசடியில் அவர்கள் உங்கள் போனுக்குள் வருவார்கள். திசை மாறினாலே சந்தேகப்படுங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால், அது வேலையே இல்லை.

அதேபோல் பேங்க் ஆப், யுபிஐ இருக்கும் போனில் ரிமோட் அனுமதி தரும் ஆப் எதையும் வைக்காதீர்கள். தெரிந்தவர் உதவிக்காகக் கேட்டால், குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒருமுறை மட்டும் செல்லும் 12 இலக்க எண்ணை கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுக்கலாம். அது 5 நிமிடத்தில் காலாவதியாகிவிடும்.

சிக்கிவிட்டால் முதல் 10 நிமிடத்தில் என்ன செய்யணும்?

1. உடனே நெட்டைத் துண்டியுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அவர்களின் பிடி அந்த நொடியே அறுந்துவிடும்.
2. வேறு போனில் இருந்து வங்கியின் அதிகாரப்பூர்வ எண்ணுக்குப் பேசி கணக்கையும் கார்டையும் முடக்குங்கள்.
3. 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.
4. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.
5. அந்த ஆப்-ஐ நீக்கிவிட்டு, வேறு கருவியில் இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

சீக்கிரம் சொல்வது சட்டப்படியும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு அவருடையது. தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. அதாவது வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் இல்லை, போன் மட்டும் இருக்கு. முடியுமா?
முடியும். விண்டோஸ் ஆப், சிட்ரிக்ஸ், ஹொரைசன் எல்லாமே போனிலும் ஓடும். ப்ளூடூத் கீபோர்டு, மவுஸ் இணைத்தால் சின்னச் சின்ன வேலைகளைப் பார்க்கலாம். முழு நேர வேலைக்கு 6 அங்குலத் திரை கண்ணுக்குச் சிரமமாக இருக்கும்.

ஆபீஸில் நான் வேறு என்ன பார்க்கிறேன் என்று தெரியுமா?
ரிமோட் கம்ப்யூட்டருக்குள் நீங்கள் செய்வதை நிறுவனம் கண்காணிக்க முடியும். அது அவர்களின் கம்ப்யூட்டர். அதில் சொந்த இமெயில், பேங்க் எதையும் திறக்க வேண்டாம்.

நெட் சென்டரில் உட்கார்ந்து வேலை செய்யலாமா?
அவசரத்துக்குத் தவிர வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டை சேவ் செய்யாமல், முடிந்ததும் சைன் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

வேலைக்கு 'சரி' சொல்லும் முன் இதைச் செய்து பாருங்க

சம்பளம், வேலை நேரம் பேசும்போதே, 'ஒரு நாள் டிரையல் லாகின் கொடுங்க' என்று கேளுங்கள். வீட்டிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டுங்கள். பிங் எவ்வளவு, டேட்டா எவ்வளவு, எத்தனை முறை கட் ஆனது என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். மூன்றும் தாங்கும் என்றால் தைரியமாகச் சேரலாம். தாங்காது என்றால், ஃபைபர் வந்திருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை பிடித்து வேலை செய்யலாமா என்று யோசியுங்கள். இனி சென்னை வேலைக்காக மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. எதை ஆன் செய்ய வேண்டும், யாருக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்ற இரண்டையும் மட்டும் மறக்காதீங்க.